பெட்ரோல் ஜீப்பின் ஓட்டுகிற சீட்

எனக்கு ஜீப் ஓட்டத் தெரியும் என்பதை யாராவது கேட்டால்தான் சொல்வேன் என்று நினைத்தால் தப்பு. கேட்காமலே சொல்வேன். அதுவும் சாதாரண ஜீப் இல்லை, ராணுவம் கழித்துவிட்ட பழைய பெட்ரோல் ஜீப். மாதாப்பூரில் பாறைகளை வெடிவைத்து உடைத்துக் கண்ணாடிக் கட்டடங்களை எழுப்பிக்கொண்டிருந்த காலத்தில், நான் வேலை பார்த்த சாஃப்ட்வேர் கம்பெனியின் வாசலுக்கு அதை ஒரு நாள் ஓட்டிக்கொண்டு போனேன். காவலாளி சாமான் இறக்கும் பின் கேட்டைக் கை காட்டினார். அடையாள அட்டையை நீட்டியதும் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். பிறகு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். அது எனக்கா ஜீப்புக்கா என்று இன்றுவரை தெரியாது. நான்தான் வாங்கிக்கொண்டேன்.

நான் வளர்ந்தது வால்பாறையில். அப்பாவுக்குத் தேயிலை எஸ்டேட் ஆபீஸில் உத்தியோகம். மலையிலிருந்து இறங்க எஸ்டேட் ஜீப்தான். முன்னால் ஆண்கள் உட்காருவார்கள். பின்னால் குறுக்குப் பெஞ்சில் அம்மா, நான், காய்கறி மூட்டை. அந்த மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றைக்கூட அது வருவதற்கு முன்னால் நான் பார்த்ததே கிடையாது. எல்லாம் கடந்துபோன பிறகு, பின்பக்கத் திறப்பு வழியாகத்தான் தெரியும். வாந்தி எடுத்ததும் அப்படியே பின்பக்கமாகத்தான். ஒரு நாள் நான் அந்த ஓட்டுகிற சீட்டில் உட்காருவேன் என்று சபதம் எல்லாம் போடவில்லை. ஆனால் ஆசை போகவும் இல்லை.

கல்யாணமாகி ஹைதராபாத் வந்தோம். கணவருக்கு ஏ.எஸ்.ராவ் நகரை ஒட்டிய பொதுத்துறை எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. எனக்கு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். அதாவது, மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம். பொள்ளாச்சிக்காரரான அவருக்கும் குற்றம் கண்டுபிடிக்கிற உத்தியோகம்தான். எங்கள் வீட்டில் சமையல் எப்படி நடந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கார் வாங்கலாம் என்று அவர் சொன்னபோது நான் ஜீப் என்றேன்.

"ஊரே ஏசி கார் வாங்குது, நீ ஏலத்துல போன ஜீப்பக் கேக்கறயே கண்ணு" என்றார்.

"ஏசி கார நீங்க எப்ப வேணா வாங்கலாமுங்க. இது போச்சுன்னா கெடைக்காது" என்றேன்.

ராணுவத்திலிருந்து ஏலம் எடுத்த வண்டிகளைத் திருமலகிரிப் பக்கம் ஒரு வியாபாரி முள்வேலிக்குள் நிறுத்தி வைத்திருந்தார். எங்கள் ஜீப்பின் தரையில் ஓட்டை விழுந்து புல் முளைத்திருந்தது. நான் புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்த கணவர் வியாபாரியிடம் விலை பேசப் போனார்.

மல்லாபூரில் ஒரு மெக்கானிக்கின் ஷெட்டில் இடம் பிடித்தோம். சனி, ஞாயிறு என்றால் ஷெட்தான். மேலே வெள்ளை பெயிண்ட், சுரண்டினால் நீலம், அதற்கும் அடியில் ராணுவப் பச்சை. அந்தப் பச்சை ஒரு கையகலம் தெரிந்த அன்று நான் ஷெட்டுக்குள்ளேயே குதித்தேன். தரைத் தகட்டை வெட்டிப் புதிதாக வைத்தோம். ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றித் துரு எடுத்தோம். பிரேக் சாமானுக்காக ராணிகஞ்ச் கடைகளில் ஏறி இறங்கினேன். சேலை கட்டிக்கொண்டு ஜீப் சாமான் கேட்கிற பெண்ணை அங்கே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

இன்ஜினைப் பிரித்தபோது வால்வு தேய்க்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பசையைத் தடவி, குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மத்துக் கடைவது மாதிரி சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வால்வும் அது உட்காருகிற இடமும் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் போகிறவரை விடக்கூடாது. ஒவ்வொரு வால்வையும் நான்தான் தேய்த்தேன். நகக்கண்ணில் ஏறிய கருப்போடு திங்கட்கிழமை கீபோர்டைத் தட்டும்போது பக்கத்து சீட்டுக்காரி முகம் சுளிப்பாள். எனக்கு அந்தக் கருப்பில் அவ்வளவு கர்வம். முதல் தடவை இன்ஜின் பிடித்து, சீராக ஒரு முணுமுணுப்புக்கு வந்தபோது என் கண் நிறைந்துவிட்டது. அது என் கை போட்ட சத்தம்.

கணவர் தன் பங்குக்குச் செய்ததில் முக்கியமானது பெட்ரோல் மூடி. ஓட்டுகிற சீட்டுக்கு அடியில்தான் டாங்க், பக்கவாட்டில் மூடி. பழைய மூடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. துரு தின்ற ஓட்டை என்று தூக்கிப் போட்டார். அவர்கள் ஆலையில் செய்கிற கருவிகள் மழை, புழுதி எல்லாவற்றையும் தாங்க வேண்டும். ஒரு பொட்டு ஈரம் உள்ளே போனாலும் அவர் கையெழுத்துப் போடமாட்டார். அதே கணக்கில் லேத் பட்டறையில் அலுமினியத்தில் ஒரு மூடி கடையச் சொல்லி, ரப்பர் வளையத்தை அவரே வெட்டி உள்ளே பொருத்தினார். ஒரு டப்பாவை அந்த மூடியால் மூடி வாளித் தண்ணீரில் முக்கிக் காட்டினார். ஒரு குமிழிகூட வரவில்லை. ஷெட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரும் அந்த வாளி வித்தையைப் பார்த்தாக வேண்டும். நிஜமாகவே அழகான மூடிதான். நானும் பெருமைப்பட்டேன்.

பச்சைப் பெயிண்ட் காய்ந்ததும் சாலைக்கு வந்தோம். ஓடியது. கொஞ்ச தூரம் போனதும் இருமியது, திக்கியது, நின்றது. பெட்ரோல் வண்டி சூடாகிவிட்டால் இப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்கு வைத்தியமும் எல்லோருக்கும் தெரியும். பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட வேண்டும். போட்டோம். கேஜ் வேலை செய்யாததால், கணவர் அந்த நேரத்தில் மூடியைத் திறந்து குச்சியை விட்டு பெட்ரோல் அளவையும் பார்த்துக்கொள்வார். வண்டி கிளம்பும். மறுபடி கொஞ்ச தூரம், மறுபடி துணி. ஷெட்டில் மட்டும் எவ்வளவு நேரம் நிறுத்தி ஓடவிட்டாலும் நிற்காது. "இங்க நல்லாத்தான் ஓடுது" என்பார் கணவர். எங்கள் புரோகிராமர்களும் தினம் இதைத்தான் சொல்வார்கள். நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் சிலர் கீசரா பக்கத்துப் பாறைக்காடுகளுக்குப் போவார்கள். கூட்டத்துக்குத் தலைவர் ஒரு தெலுங்குக்காரப் பல் டாக்டர். அவர்கள் வண்டியெல்லாம் ஜீப்தான், ஆனால் உள்ளே இருப்பது மாற்றிப் போட்ட டீசல் இன்ஜின். நாங்கள் போன இரண்டு தடவையும் கயிறு கட்டித்தான் எங்களை இழுத்து வந்தார்கள். "இன்ஜின் மார்ச்சண்டி மேடம்" என்றார் டாக்டர். இன்ஜினை மாற்றிவிடுங்கள் என்கிறார், பல்லைப் பிடுங்கிவிடலாம் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாக. பெட்ரோல் வேண்டாம், டீசல் போட்டுவிடலாம், எதற்கு இந்த அவஸ்தை என்று மெக்கானிக்கும் தன் ஹைதராபாத் ஹிந்தியில் அதையே சொன்னார்.

"பெட்ரோல் நக்கோ மேடம். டீசல் டால்தேங்கே. கைக்கு பரேஷானி?"

டீசல் இன்ஜின் ஒன்று ஷெட்டுக்கு வந்தும்விட்டது. கணவரும் அந்தக் கட்சிக்குப் போய்விட்டார். நடுரோட்டில் நிற்பது அவருக்கு அலுத்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் என் கையால் தேய்த்த வால்வுகளைப் பழைய இரும்பில் எடைக்குப் போட்டுவிட்டு, தண்ணி இறைக்கிற மோட்டார் மாதிரி தடதடக்கிற ஒன்றை எப்படி உள்ளே வைப்பது? வீட்டில் பெரிய சண்டை. கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. வருகிற ஞாயிறு ஒரு தடவை, யாரும் இழுக்காமல் வண்டி பாறை ஏறி இறங்கிவிட வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை இன்ஜினை இறக்கலாம், நான் வாயைத் திறக்கக்கூடாது.

அந்த ஞாயிறு டாங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பிள்ளை. டாக்டர் ஜீப்பில் பாட்டுப் பெட்டி இருக்கிறது, அதில்தான் வருவேன் என்று அடம்பிடித்தாள். துணைக்குக் கணவரும் அதில் ஏறிக்கொண்டார். நான் தனியாக ஓட்டினேன். பாறைச் சரிவு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வண்டி இருமியது, திக்கியது, நின்றது.

முன்னால் போனவர்கள் கவனிக்கவில்லை. நானே பானெட்டைத் திறந்து துணியை நனைத்துப் பம்ப் மேல் போட்டேன். காத்திருந்து செல்ஃப் அடித்தேன். பிடிக்கவில்லை. மறுபடி நனைத்தேன். பம்ப் சில்லென்று ஆகிவிட்டது. அப்போதும் பிடிக்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன் என்று சொன்னால் சுருக்கமாகச் சொன்னதாக இருக்கும். நன்றாகவே அழுதேன்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும். துணி போட்டால் கிளம்புகிற வண்டி, இன்று துணி போட்டும் கிளம்பவில்லை. அப்படியானால் இத்தனை நாளும் வண்டியைக் கிளப்பியது துணி இல்லை. தினமும் நடந்து இன்று நடக்காதது வேறு ஏதோ ஒன்று. அலுவலகத்தில் நாள் பூராவும் நான் செய்கிற வேலை இதுதானே. ஒன்றை மட்டும் மாற்றிப் பார், மற்றதையெல்லாம் அப்படியே வை. இங்கே மட்டும் எல்லோரும் சொன்னார்கள் என்று துணியை நம்பி உட்கார்ந்திருந்தேன்.

கயிற்றோடு டாக்டரும் கணவரும் மகளும் திரும்பி வந்தார்கள்.

"கயித்தக் கீழ வைங்க. ஏனுங்க, எப்பவும் போல குச்சி வுட்டு பெட்ரோலப் பாருங்க" என்றேன்.

"இப்பத்தானே நெறைய ஊத்தினோம்?"

"பாருங்கன்னா பாருங்க."

மூடியைத் திருகினார். உஸ்ஸ் என்று ஒரு பெருமூச்சு கேட்டது. நீளமாக, டாங்க் காற்றை உள்ளே இழுக்கிற சத்தம். செல்ஃப் அடித்தேன். கொஞ்சம் சுற்றிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

"சல்லபடிந்தி, அந்தே" என்றார் டாக்டர். சூடு ஆறிவிட்டதாம்.

மூடியை இறுக்கச் சொல்லிவிட்டு அந்தப் பொட்டலிலேயே வட்டம் போட்டேன். மறுபடி நின்றது. இந்தத் தடவை பானெட்டைத் தொடவே விடவில்லை. துணியும் இல்லை. மூடியை மட்டும் நானே திறந்தேன். உஸ்ஸ். செல்ஃப். பிடித்தது.

பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்குத்தான் பழைய மூடியில் அந்த ஊசித் துளை. புது மூடியோ ஒரு குமிழியையும் விடாது. வாயை இறுக்கி மூடிய பாட்டிலில் ஸ்ட்ராவை விட்டு ஜூஸ் உறிஞ்சுகிற மாதிரி, பம்ப் பாவம், இழுத்து இழுத்துப் பார்த்து ஓய்ந்திருக்கிறது. ஷெட்டில் அவர் எப்போதும் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலை செய்வார். அதனால்தான் அங்கே நிற்கவே இல்லை.

நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது உஸ் கேட்டபோதே அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். எப்பேர்ப்பட்ட ஆளும் அந்த இடத்தில் ஏதாவது சமாளிப்பார். நானாக இருந்தாலும் சமாளித்திருப்பேன். அவர் மூடியைக் கையில் எடுத்து டாக்டரிடம் காட்டி, ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் சொல்லிவிட்டு, கடைசியில் எனக்காகத் தமிழிலும் சொன்னார்.

"தப்பு என்னுது. இன்ஜின் மேல ஒரு குத்தமுமில்ல. கண்டுபுடிச்சது இவ."

அந்த மனிதர்மேல் எனக்கு அன்று வந்த பெருமை, ஜீப் மேல் வந்ததைவிட அதிகம். என் தலையிலிருந்த ஹேர்பின்னை உருவி, மூடிக்குள்ளிருந்த ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வளையமில்லாமல் மூடியைத் திருகினேன்.

"அம்மா, பைகி எக்குதாமா?" மேலே ஏறலாமா என்று கேட்டுக்கொண்டே மகள் பாட்டுப் பெட்டியை மறந்து எங்கள் ஜீப்பின் முன் சீட்டில் தாவி ஏறிவிட்டாள். கணவர் இடமில்லாமல் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு சுற்றிப் போய்ப் பின்னால் குறுக்குப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற லிவரைப் போட்டு, முதல் கியரில் பாறைமேல் ஏற்றினேன். அவசரமே படாமல், முணுமுணுத்துக்கொண்டே ஏறியது. பச்சை பானெட்டுக்கு மேலே முதலில் வெறும் வானம், பிறகு பாறை விளிம்பு, பிறகு கீழே ஏரியும் ஊரும். எல்லாம் வருவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்தது. உச்சியில் நிறுத்தி மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "டீசல் நக்கோ பாய்" என்றேன். என் ஹிந்தியைக் கேட்டு அவர் சிரித்தாரா, சேதியைக் கேட்டுச் சிரித்தாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கீழே கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, மறுபக்கச் சரிவில் மெதுவாக இறங்கத் தொடங்கினேன். பின்னால் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையில் வளையல் மாதிரி ரப்பர் வளையத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் குரல் கொடுத்தார்.

"ஏங் கண்ணு, முன்னால என்ன வருதுன்னே தெரியலையே. வந்த வழிதான் தெரியுது."

"பழகிருமுங்க" என்றேன்.