நியான் கோடு இருந்த இடம்

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மத்திகிரியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில், வான இயற்பியல் ஆராய்ச்சி செய்யும் என் மனைவி மறுநாள் ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டிய கட்டுரையைத் திரையில் வைத்திருந்தாள். அவள் பெயர் முதலில் வரும் முதல் கட்டுரை அது.

அது தூசி மூடிய ஒரு கேலக்ஸியைப் பற்றியது. கண்ணால் காணும் ஒளியில் மங்கல், அகச்சிவப்பில் பளீரென்று இருக்கும். உள்ளே எரிவது எது? கூட்டமாகப் பிறக்கும் விண்மீன்களா, நடுவில் உள்ள கருந்துளையா? தூசி இரண்டின் ஒளியையும் ஒரே வெப்பமாக மாற்றிவிடும். ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்தால்தான் வித்தியாசம் தெரியும். நான்கு எலக்ட்ரான்களை இழந்த நியான் தனக்கே உரிய அலைநீளத்தில் விடும் ஒளிக்கோடு தெரிந்தால் கருந்துளை என்று சொல்லலாம். நியானை அவ்வளவு உரிக்க சாதாரண விண்மீன்களால் முடியாது. அவளுடைய வரைபடத்தில் அந்த இடத்தில் சின்ன மேடு ஒன்று இருந்தது. கட்டுரையின் முடிவு முழுவதும் அதன் மேல்தான் நின்றது.

ஏணியைத் திருப்பித் தர வந்த பக்கத்து வீட்டுப் பெண் திரையைப் பார்த்தார். அவர் ஒரு இரும்பு வார்ப்பு ஆலையின் லேபில், உலோகத்தில் மின்பொறி பாய்ச்சி, அந்த ஒளியில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று பார்ப்பவர்.

“என்னாக்கா, எங்க மெஷினு கிராஃப் மாதிரியே கீது?”

“இது விண்வெளியில இருக்கிற தொலைநோக்கியோட மெஷின்மா” என்றாள் என் மனைவி.

“மேல இருந்தா பொய் சொல்லாதா? ஸ்டாண்டர்டு போட்டுப் பாத்தீங்களா?”

ஒவ்வொரு ஷிப்டிலும், என்ன கலந்திருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த துண்டைத்தான் அவர்கள் முதலில் சோதிப்பார்கள்.

“ஒருநாளு இல்லாத குரோமியத்தக் காட்டிச்சுக்கா. நல்லா இருந்த உருக்கின இரும்ப வேணாம்னு கீழ ஊத்திட்டாங்க. திட்டு மட்டும் எனக்கு.”

“எங்களுக்கு மெஷின் பிழையெல்லாம் திருத்தின டேட்டாதான் வரும்” என்றாள் மனைவி, சற்றுச் சூடாக.

அவர் போனதும், அதே கருவி அதே நாளில் பார்த்த ஒரு சாதாரண விண்மீனின் பதிவைத் தரவிறக்கினாள். அதில் நியான் கோடு இருக்கக் காரணமே இல்லை. ஆனால் அதே இடத்தில், அதே அகலத்தில் மேடு இருந்தது. அது கருவியின் பிழை. அந்தப் பிழையைக் கழித்துப் பார்த்தாள். கேலக்ஸியின் வரைபடத்தில் அந்த இடம் சமமானது.

“அப்ப கருந்துளை இல்லைன்னு எழுதிடலாமா?” என்றேன். நான் செய்தியாளன், புத்தி அப்படி.

“இல்லைன்னு எங்க தெரிஞ்சுது? இருக்குன்னு காட்ட என்கிட்ட எதுவும் இல்ல. அவ்வளவுதான்.”

தலைப்பிலிருந்து கருந்துளையை நீக்கினாள். பிறகு வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போன் செய்தாள்.

“சார், நாளைக்கு அனுப்ப வேணாம். அந்தக் கோடு பொய்.”