ஆட்டோக் கூரையில் வெயில் பிடித்துப் பொத்துவில் போனது

உரமில்லாமல் நெல் பதராய்ப் போன போகத்துக்குப் பிறகு, பெற்றோல் செட்டில் எண்ணெய்க்காக ஆக்கள் பாய் போட்டுப் படுத்துக் கிடந்த வருஷம் அது. பொத்துவிலில் இருக்கிற என் மூத்த சகோதரி, ராத்தாவுக்குச் சீனி வருத்தம். அங்கே இன்சுலின் முடிந்துபோய், கல்முனையில்தான் மூன்று குப்பி கிடைத்தது. பஸ் ஓடவில்லை. அன்று பின்னேர ஊசிக்கு அவவிடம் மருந்தில்லை.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறா. ஆனால் நேரமெல்லாம் என் ஞாபகம், பிழை இராது.

கரண்ட் வேலை செய்யும் கூட்டாளி லத்தீப் தன் ஆட்டோவைப் பற்றரிக்கு மாற்றி, கூரையோடு சேர்த்துச் சோலார் தகடு பதித்திருந்தான். பற்றரி நிரம்பினால் ஐம்பது கிலோமீற்றர் ஓடும். பொத்துவில் எழுபது மட்டில் வரும். மிச்சத்தை வெயில் தரவேண்டும். குப்பிகளை ஐஸ் போட்ட றெஜிபோம் நுரைப் பெட்டியில் வைத்தேன். ராத்தா வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? ஒரு பன்பாயும் வாங்கிச் சுருட்டிக் கூரை ஓரத்தில் கட்டினேன். காலை எட்டரைக்குக் கல்முனையிலிருந்து புறப்பட்டோம்.

கூரை தரும் கரண்டைக் காட்ட ஆறு பச்சை விளக்கு. எழுத்துத் தெரியாத எனக்கு அது லேசு. காரைதீவு, நிந்தவூர் தாண்டியும் இரண்டுதான் எரிந்தது. "வெயில் ஏறட்டும் காக்கா," என்றான் என்னை அண்ணன் முறை சொல்லும் லத்தீப். பத்து மணிக்கு அக்கரைப்பற்று. மண்டை கொதிக்கிற வெயில், அதே இரண்டு விளக்கு. பற்றரி பாதி. ஐஸும் இளகத் தொடங்கிவிட்டது.

ஒரு பள்ளிவாசலில் நிறுத்தினோம். பழக்கத்தில் நேரே வேப்பமர நிழலில் விட்டான். "டேய், சோத்துக் கடைக்குள்ள வந்து நோன்பு பிடிக்கிறியா?" என்றேன். வண்டியை வெயிலுக்குத் தள்ளி, பெட்டியை மட்டும் விறாந்தை நிழலில் வைத்தோம்.

தகட்டில் கடலுப்பும் புழுதியும் படிந்திருந்தது. நான் வாளியைத் தூக்க, "சுட்ட கண்ணாடியில சடாரெண்டு ஊத்தாதீங்க, வெடிக்கும்," என்று ஈரத்துணியால் துடைத்தான். பாங்கு சொல்லும் மோதினார் எட்டிப் பார்த்தார்.

"என்ன, ஆட்டோவும் லுஹர் தொழப் போகுதோ? கைகால் கழுவி வுளு எடுத்து விடுறீங்க!"

மூன்றாவது விளக்கு எரிந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. அப்போதுதான் கண்டேன், பாயின் நிழல் தகட்டின் ஓரத்தில் நாலு விரல் அகலம் விழுந்து கிடந்தது.

"அது துண்டு நிழல் காக்கா, என்ன செய்யப் போகுது?"

"இதுக்குள்ள கரண்ட் ஒரு கட்டத்தில இருந்து மத்தக் கட்டத்துக்கா போகுது?"

"ஓம், வரிசையாத்தான்."

"அப்ப வாய்க்கால்ல ஒரு மண்கட்டி கிடந்தா, கடைசி வயலுக்குத் தண்ணி எங்கடா போகும்?"

பாயை அவிழ்த்தேன். ஐந்து விளக்கு! லத்தீப் தலையில் கை வைத்தான். "நாலு மாசமா இதுக்கு மேல தேங்காய் மூட்டை கட்டித் திரிஞ்சேனே!"

மதிய லுஹர் தொழுது, பராட்டாவும் பிளேன்ரீயும் எழுநூறு ரூபாய்க்குச் சாப்பிட்டு, பன்னிரண்டே முக்காலுக்கு வெளிக்கிட்டோம். பாய் என் மடியில். திருக்கோவில், கோமாரி தாண்டி, இரண்டு நாற்பதுக்கு ராத்தா வாசல். பெட்டிக்குள் கோழி முட்டையளவு ஐஸ் மிச்சம்.

"மருந்து கிடக்கட்டும், பாயை ஏன்டா இப்பிடிக் கசக்கினாய்?" என்றா ராத்தா.

போக நினைக்கிறவர்களுக்கு: காலையில் தகடு சுடுமுன் துடையுங்கள். கூரையில் ஒரு கயிறுகூட வேண்டாம். நிறுத்தினால் வண்டிக்கு வெயில், உங்களுக்கு நிழல். தகட்டுக்கு வெயில் வேணும், சூடு ஆகாது. லத்தீப் பிறகு அதை இரண்டு அங்குலம் உயர்த்திக் கீழால் காற்றுப் போக விட்டான், ஆறாவது விளக்கும் எரிந்தது.

போன நோன்புக்கு முதல் லத்தீப் மவுத்தாகிவிட்டான். மோதினாரும் போய்விட்டாராம். என்னை விட்டால், அந்தப் பயணத்தைத் தெரிந்தவர்களில் இன்றைக்கும் உயிரோடு இருப்பது அந்த ஊசிக்குக் காத்திருந்தவ ஒருத்திதான், என் ராத்தா சுலைஹா உம்மா.