மடத்துப் பையன் சொன்னது

எழுபதுகளின் கடைசியில் போடியில் நான் படித்த கல்லூரிக்கு மூன்று ஹாஸ்டல்கள். அலுவலகக் காகிதங்களில் அவற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள்தான். வெளியே யாரும் அந்த எண்களைச் சொல்லி நான் கேட்டதில்லை.

முதலாவதுக்குப் பேர் மடம். நெற்றியில் திருநீறு இல்லாமல் சாப்பாட்டு வரிசையில் நின்றால் வார்டன் முறைப்பார். அங்கே இருமுவதற்குக்கூட யோசிக்க வேண்டும். இரண்டாவது டூரிங் கொட்டகை. எந்நேரமும் பாட்டு, விசில், நாலு பேர் கூடி எதற்காவது ஸ்டிரைக் பேசிக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது செக்போஸ்ட்டு. கேரள எல்லைச் செக்போஸ்ட்டு இருக்கிற போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டங்களில் கங்காணியாகவும் கணக்கப்பிள்ளையாகவும் இருந்தவர்களின் பிள்ளைகள் ஜீப்பில் இறங்கி வந்து தங்குகிற இடம். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார்கள். சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார்கள். பீடியும் சீட்டுக்கட்டும் அங்கே தாராளம் என்று ஊருக்கெல்லாம் தெரியும். அது ஒன்றும் பொய்யில்லை.

நான் மடம். எங்கள் ஊர் சிலமலையில் என் அப்பா அதைச் சொல்லாத ஆள் கிடையாது. எனக்கோ மடத்தில் இருப்புக்கொள்ளாது. புத்தகத்தைத் திறந்தால் பத்து நிமிடத்தில் எழுந்து ஜன்னலுக்குப் போவேன், திரும்பி வந்து உட்காருவேன், மறுபடி எழுவேன். சாயங்காலம் ஐந்து மணி ஆனதும் பின்பக்க முள்வேலியில் நுழைந்து செக்போஸ்ட்டுக்கு ஓடிவிடுவேன்.

அங்கே என் ஊர்க்காரன் ஒருவன் இருந்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். விண்ணப்பம் கொடுக்க ஒரு வாரம் பிந்திவிட்டதால் அங்கே போய் விழுந்தவன். அவன் அறையில்தான் சீட்டு நடக்கும். அவனோடு தங்கியிருந்த இரண்டு பேரும் நானும் தரையில் வட்டம் போட்டிருப்போம். அவன் கட்டிலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படிப்பான். மூன்று வருடத்தில் ஒரு சீட்டைத் தொட்டுப் பார்த்ததில்லை. நாங்கள் போடுகிற கூச்சலில் அவனுக்கு எப்படிப் படிப்பு ஏறியதோ தெரியாது, ஆனால் மார்க் என்னைவிட எப்போதும் அதிகம்.

மடத்துப் பையன் செக்போஸ்ட்டில் கால் வைத்தது தெரிந்தால் பெட்டியைக் கட்டி அங்கேயே அனுப்பிவிடுவேன் என்று வார்டன் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர். அப்படி ஒன்று நடந்தால் அப்பா ஊருக்குள் எப்படித் தலைகாட்டுவார் என்கிற பயத்தோடுதான் தினமும் வேலியைத் தாண்டுவேன்.

கடைசி வருடத்தில் அவனுக்கு ராசிங்காபுரத்தில் பெண் பேசினார்கள். தூரத்துச் சொந்தம். அவளை அவன் ஒரு திருவிழாவில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறான். அந்த ஒரு தடவையை என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறான்.

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. காலேஜ் படிக்கிற மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் அவன் தங்கியிருக்கிற ஹாஸ்டலில் கேட்க மாட்டார்கள். கூட இருக்கிறவன் விட்டுக்கொடுக்க மாட்டான் என்று நினைப்பார்கள். அதனால் மடத்துக்கு வந்து, மாப்பிள்ளையின் ஊர்ப் பையன் யாராவது இருந்தால் கூப்பிட்டு அவனிடம் கேட்பார்கள். மடத்துப் பையன் பொய் சொல்ல மாட்டானாம்.

"ஒங்கிட்டதான் மாப்ளே வருவாங்க," என்றான் அவன். "தூக்கி வச்செல்லாம் பேச வேணாம். இருக்கிறதச் சொல்லு, போதும்."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெண்ணின் அப்பாவும் தாய்மாமனும் வந்தார்கள். வார்டன் அறை வாசலில் பெஞ்சு போட்டு அவர்களை உட்கார வைத்திருந்தார்கள். வார்டன் உள்ளே ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது.

"ஒங்க ஊர்ப் பய ஒருத்தன் அந்தச் செக்போஸ்ட்டு ஹாஸ்டல்ல இருக்கானாமே அப்பு," என்றார் பெண்ணின் அப்பா. "அங்க ஆளு எப்படி?"

நல்ல பையன் என்று சொல்ல வாய் திறந்தேன். ஊரில் சரி, இங்கே ஹாஸ்டலில் எப்படி இருக்கிறான் என்று உனக்கு எப்படித் தெரியும் என அடுத்துக் கேட்பார்கள். தினமும் அவன் அறைக்குப் போகிறேன் என்று வார்டன் காதுபட எப்படிச் சொல்வது?

"தெரியலங்கய்யா. நான் அந்தப் பக்கமே போறதில்ல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "புரிஞ்சதுப்பா. பக்குவமாச் சொல்லிட்ட," என்றார்.

அவனைப் பற்றிக் கெட்டதைச் சொல்லாமல் சொன்னேன் என்று அவர்கள் எடுத்துக்கொண்டது எனக்கு உறைத்தபோது அவர்கள் வெளிக் கேட்டைத் தாண்டியிருந்தார்கள். ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். வார்டன் என்னைப் பார்த்து மெச்சினாற்போலத் தலையசைத்தார். நான் அறைக்குப் போய்விட்டேன்.

"என்னடா சொன்ன?" என்று அன்று சாயங்காலம் அவன் கேட்டான். "ஒண்ணும் சொல்லல," என்றேன். அடுத்த வாரம் ஜாதகம் பொருந்தவில்லை என்று அவன் வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவன் அதை நம்பினான். ஜாதகத்தைத் தானே கணக்குப் போட்டுப் பார்க்கிறேன் என்று எங்கிருந்தோ பஞ்சாங்கம் வாங்கிவந்து உட்கார்ந்திருந்தான். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு. மடத்திலும் இருக்க முடியவில்லை, அங்கும் இருக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடப்பேன், மலைக்குப் போகிற ஜீப்பில் ஆட்கள் ஏறுவதைப் பார்ப்பேன், திரும்பி நடப்பேன்.

மறு மாதம் ஊருக்குப் போனபோது அம்மா முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். "ராசிங்காபுரத்துல இருந்து ஒன்னையக் கேட்டு வந்துருக்காங்கடா. மடத்துல இருக்கிற பய, வாயடக்கமான பயன்னு அவங்களே தேடி வந்துருக்காங்க."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ராசிங்காபுரம் போனேன். பெண்ணின் அப்பா தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அந்த ஹாஸ்டலுக்குத் தெனமும் போறவன் நான்தாங்கய்யா. சீட்டு வெளையாடுனதும் நான்தான். அவன் தொட்டதே இல்ல. வார்டனுக்குப் பயந்து அப்படிச் சொல்லிட்டேன். தங்கமான பய. அவனுக்கே குடுங்க."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். கோபப்படவில்லை.

"அன்னைக்கு ஒம் பேச்ச எடுத்துக்கிட்டது மடத்துப் பயன்னுதானப்பு," என்றார். "இப்ப நீயும் அங்க உள்ள பயதான்னு நீயே சொல்ற. அங்க உள்ள பய பேச்ச நம்பிப் பொண்ணக் குடுக்க முடியுமா?"

அவர் குனிந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினார்.