படத்தில் இல்லாத சரசு அத்தை

பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்த கடைக்காரர், ஒவ்வொரு வீடியோ ஃபைலுக்குள்ளும் இடம், ஆட்களின் பெயரெல்லாம் எழுதி வைக்கலாம் என்றார். “எங்க காப்பி பண்ணுனாலும் பேரும் கூடவே போகுமுங்க.”

இன்று அக்காவின் கல்யாண வீடியோவுக்கு எழுத உட்கார்ந்தேன். அதில் இருப்பவர்களை அடையாளம் சொல்ல வீட்டில் நான் ஒருத்திதான் மிச்சம். நாதஸ்வரத்துக்கு நடுவே, சிறுமியான என்னை எச்சரிக்கும், படத்தில் தெரியாத ஒரு குரல் கேட்டது. “அம்மணி, மெதுவா போ. பாவாடை தடுக்கி உழுந்துபோடுவ.”

சரசு அத்தை! அப்பாவின் தங்கை. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவர். தினமும் எனக்குத் தலை சீவிப் பள்ளிக்கு அனுப்பியவர். காரமடை மண்டபத்தில் வீடியோக்காரர் விளக்கு தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் சமையல்கட்டுக்குள் போய்விடுவார்.

குடும்பமாக நிற்கக் கூப்பிட்டபோது, கதவோரம் நின்ற அவர் கையைப் பிடித்து இழுத்தேன். “நீங்களும் வாங்க அத்தை.”

“நல்ல காரியத்துல அவ எதுக்கு கண்ணு? நீ வா,” என்றார் பெரியம்மா.

நான் அத்தையின் கையை விட்டுவிட்டு மேடைக்கு ஓடினேன். வீடியோவில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

பெயர்களில் முதலாவதாகச் சரஸ்வதி என்று எழுதினேன். பின்னால் யாராவது அவரைப் படத்தில் தேடக்கூடும். சொல்ல நான் இருக்க மாட்டேன். அதனால் கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன்: ‘கதவுக்குப் பின்னால் நிற்கிறார். விட்டுவிட்டு வந்தது நான்.’