ஸ்வெட்டரின் மேல் எடுத்த அளவு

எங்கள் மலையில் குழந்தைக்கு அளவெடுக்கும்போது ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லும் வழக்கம் கிடையாது. மாதா கோயிலில் நடக்கும் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வருடா வருடம் நான்தான் உடை தைக்கிறேன். தேவதூதர்களாக வரும் சம்மனசுகளுக்கு வெள்ளை அங்கி, கம்பியை வளைத்து நெட் துணி கட்டிய இறக்கை, ஆட்டுக்குட்டிகளுக்குப் பஞ்சு ஒட்டிய தொப்பி. எல்லாமே ஸ்வெட்டருக்கு மேல் போடுகிற அளவில்தான் இருக்கும். பனியில் ஒரு சம்மனசு நடுங்கினால் அதன் அம்மா நேரே என்னிடம்தான் சண்டைக்கு வருவாள். அளவு சரியில்லை என்று மட்டும் இதுவரை ஒருத்தியும் வந்ததில்லை. அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே உண்டு.

எனக்குக் கல்யாணம் தாமதமாக நடந்தது. கொட்டச்சேட்டுப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் செக்ரோல் என்கிற ஆள் வருகைப் பதிவேட்டை எழுதும் ரைட்டராக இருக்கும் என் கணவருக்கு அது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி காய்ச்சலில் இறந்தபோது மகளுக்கு ஐந்து வயது. நான் அந்த வீட்டுக்குப் போனபோது ஏழு. முதல் நாளே என்னைச் சித்தி என்று கூப்பிட்டாள். யாரோ சொல்லிக் கொடுத்துத்தான் கூப்பிட்டாள் என்றாலும் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இறந்தவரின் அக்கா சேலத்தில் இருந்தார். குழந்தைக்குப் பெரியம்மா. லீவு விட்டால் வந்து அழைத்துப் போவார். என்னைப் பற்றிக் குறைவாக ஒரு சொல் சொன்னதில்லை. வாங்க, போங்க, சாப்பிடுங்க என்று பேங்க் மேனேஜரிடம் பேசுவதுபோலப் பேசுவார். அந்த மரியாதையைத் தாண்டி உள்ளே போக எனக்கு வழி தெரியவில்லை.

நான் வந்து ஒரு வருடம் கழிந்தபோது, தாய்மாமன் கல்யாணத்தில் பூக்கூடை பிடித்து மணமக்களுக்கு முன்னால் நடக்கக் குழந்தையைக் கேட்டார்கள். கல்யாணம் வைக்காத தவக்காலம் தொடங்குவதற்கு முன், பிப்ரவரியில், சேலத்தில் கல்யாணம். அதே போனில் பெரியம்மா என் கணவரிடம் இன்னொன்றும் சொன்னார். ஸ்பீக்கர் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"பாப்பாவைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு பேசோணுமுங்க தம்பி. கல்யாணம் முடியட்டும்."

விஷயம் எங்களுக்குத் தெரிந்ததுதான். குழந்தையைச் சேலத்தில் தங்களோடு வைத்துப் படிக்க வைக்க அவர்களுக்கு ஆசை என்று உறவுக்காரர்கள் வழியாக ஏற்கெனவே காதில் விழுந்திருந்தது.

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன்.

"அவ அம்மா பொறந்த ஊடு. அவுங்க கேட்டா நான் எப்படி இல்லீங்கறது?" என்றார் கணவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் பெறவில்லை. வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. எதைச் சொல்லி அவளை என்னிடம் விடச் சொல்வது? என்னால் முடிந்தது ஒன்றுதான். பூக்கூடை பிடிக்கும்போது போடும் ஃபிராக்கை நான் தைக்கிறேன் என்று பெரியம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில் குழந்தை நான் தைத்ததைப் போட்டுக்கொண்டு நடக்கட்டும், பார்க்கட்டும் என்று வீம்பு.

பீச் நிற சாட்டினும் அதற்கு மேல் நெட்டும் எடுத்தேன். மாலை நேரங்களில் நானும் அவளும் ரிப்பனைச் சுருட்டி ரோஜா செய்தோம். நூல் பிரியாமல் இருக்க ரிப்பன் முனையை மெழுகுவத்தியில் காட்டுவது அவள் வேலை. கருகும் வாசனை அவளுக்குப் பிடித்துப் போனதால் தேவைக்கு மேல் கருக்கினாள். பாதி ரோஜாக்களுக்குக் கறுப்பு விளிம்பு. திட்டினேன். "ரோஜால பூச்சி உழுந்துருச்சுங்க சித்தி" என்று சிரித்தாள். அப்படிப் பேசத் தெரிந்தவள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஜனவரிக் குளிரில் வழக்கம்போல ஸ்வெட்டரின் மேல் டேப்பைச் சுற்றி அளவெடுத்தேன். சாட்டின் உடம்பில் பட்டால் சில்லென்று இருக்குமே என்று உள்ளே பிளானல் லைனிங் கொடுத்தேன். போட்டுப் பார்த்ததும் ஸ்வெட்டருக்கு மேல்தான். அச்சில் வார்த்தமாதிரி இருந்தது.

"சேலத்துல வேர்க்குமே?" என்றார் கணவர்.

"பேர் எழுதறவங்களுக்குத் தையல்ல என்ன வேலை? நீங்க செக்ரோலைப் பாருங்க" என்றேன். மனிதர் பாவம், வாயை மூடிக்கொண்டார்.

கல்யாணத்தன்று முதல் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கினோம். கொண்டைஊசி வளைவுகளில் குழந்தை வாந்தி எடுப்பாள் என்பதால் ஃபிராக்கைத் தலையணை உறையில் போட்டு என் மடியில் வைத்திருந்தேன். அடிவாரத்தில் அவள் ஸ்வெட்டரைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். வாங்கிப் பைக்குள் வைத்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பெரியம்மா வீட்டில் ஃபிராக்கை மாட்டிவிட்டபோதுதான் உறைத்தது. கழுத்து ஒரு தோளிலிருந்து வழுக்கியது. இடுப்பு இடுப்பில் இல்லை. உள்ளே இன்னொரு குழந்தையை விடலாம். கூடவே அந்தப் பிளானல். ஐந்து நிமிடத்தில் அவள் நெற்றியில் வியர்வை அரும்பியது. அறையில் இருந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம் அவளுக்கு விசிறிவிட்டார்கள். குறை சொல்லியிருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

பெரியம்மா பீரோவைத் திறந்து, கவரோடு தொங்கிய ஒரு ரெடிமேட் ஃபிராக்கை எடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எதுக்கும் இருக்கட்டும்னு வாங்கி வெச்சேனுங்க."

சுருக்கென்றது. நான் அளவில் தவறுவேன் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார்களே என்று கோபம். தவறியும் விட்டேனே என்று அதைவிடக் கோபம். பிள்ளையின் உடம்பளவுகூடத் தெரியாதவள், அவளை எப்படி வளர்ப்பாய் என்று யாராவது இப்போது கேட்பார்கள் என்று காத்திருந்தேன்.

ரெடிமேடைப் போட்டார்கள். முதுகு ஜிப் பாதியில் நின்றது. பெரியம்மா இழுத்தார், மூச்சை உள்ளே இழு கண்ணு என்றார், மறுபடி இழுத்தார். ஏறவில்லை. போன லீவில் பார்த்த குழந்தையை மனதில் வைத்து வாங்கியிருக்கிறார். அதற்குள் அவள் வளர்ந்துவிட்டாள்.

இரண்டு ஃபிராக்குகளையும் கழற்றிவிட்டுப் பெட்டிக்கோட்டோடு நின்ற குழந்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டுமே ஆகலைன்னா நான் ஸ்வெட்டர்லயே வந்துக்கறேனுங்க" என்றாள்.

முதலில் சிரித்தது பெரியம்மாதான். பிறகு நானும். சிரித்து முடித்ததும் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். கோயிலில் கல்யாணப் பூசைக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. பாதி பிளேடு ஒன்றை என்னிடம் கொடுத்து, தான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நான் தோள் பக்கம், அவர் கீழ்ப்பக்கம். பிளானலைப் பிரிக்க ஆரம்பித்தோம். குழந்தை ஃபேனுக்கு அடியில் போய்ப் பூக்கூடையோடு உட்கார்ந்துகொண்டாள்.

லைனிங் கழன்றதும் பெரியம்மா பாவாடையின் உள்பக்கத்தைத் திருப்பினார். "ஏனுங்க, இங்க இன்னும் இத்தனை துணி மடிஞ்சு கெடக்குது? வெட்டிட்டாக் கனம் கொறையுமில்லீங்களா?" என்று கத்தரிக்கோலை வைத்தார்.

"ஐயோ வேண்டாங்கக்கா. வருசத்துக்கு ஒரு மடிப்பாப் பிரிச்சு விடறதுக்கு வெச்சது."

அவர் விரலால் தடவிப் பார்த்தார். "மூணு மடிப்பு இருக்குதுங்களே."

"ஆமாங்க. அதுக்கும் மேல வளந்துட்டா இடுப்புல ஒரு பட்டை வெச்சுக்கலாம். அதுக்கும் துணி எடுத்து வெச்சிருக்கறேன்."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"நாளைக்கு உங்களுக்குன்னு ஒண்ணு பொறந்தா இவ பாடு என்னாகுமோன்னு பயமுங்க எங்களுக்கு" என்றார் மெதுவாக. "அதுதான் கேக்கலாம்னு இருந்தோம்."

எத்தனையோ பதில்கள் தயாராக வைத்திருந்தேன். பஸ்ஸில் வரும்போதுகூட வரிசைப்படுத்திப் பார்த்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "கேக்காதீங்கக்கா" என்றேன். "அவ இல்லாத ஊட்டுல நான் என்ன பண்ணுவேன்?"

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சாட்டினில் கண்ணீர் விழுந்தால் கறையாகும் என்று ஃபிராக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்திலும் தையல்காரி புத்தி.

அவர் ஊசியில் நூல் கோத்து என்னிடம் நீட்டினார். "மணியாச்சு கண்ணு. சைடை மட்டும் பிடி. அந்த மடிப்பு அப்படியே இருக்கட்டும்."

இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ஊசியோடு உள்ளே பிடித்துத் தைத்தோம். அவர் தையல் கொஞ்சம் கோணல். கழுத்துக்கு ஊக்கு போட்டு, அதற்கு மேல் ஒரு ரிப்பன் ரோஜா வைத்து மறைத்தோம். கோயிலில் குழந்தை பூவை ஒரே இடத்தில் மொத்தமாகக் கொட்டிவிட்டு, மிச்ச தூரம் வெறும் கூடையோடு ராணி மாதிரி நடந்தாள். நானும் பெரியம்மாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். அந்த அறையில் அவர் கதவைச் சாத்தாமல் நான்கு பேர் முன்னால் என்னைக் கேள்வி கேட்டிருக்கலாம். கேட்க உரிமையுள்ளவர். கேட்காமல் என்னோடு தரையில் உட்கார்ந்தார். அந்த நன்றியை நான் எந்தக் காலத்திலும் தீர்க்க முடியாது. தீர்க்க விருப்பமும் இல்லை.

மதியம் மண்டபத்தில் சாப்பாடு. நடந்தது எதுவும் என் கணவருக்குத் தெரியாது. சொல்ல நேரமில்லை. அவர் பிரியாணியைக் கிளறிக்கொண்டு, பந்திக்கு நடுவில் பெரியம்மா எங்கள் பக்கம் வருவதைக் கலவரத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா வந்து நின்றதும் பாதி எழுந்தார்.

"உக்காருங்க தம்பி, சாப்புடுங்க" என்றார் பெரியம்மா.

"பாப்பாவைப் பத்திப் பேசோணும்னு சொன்னீங்களே" என்றார் என் கணவர், இலையைப் பார்த்தபடி.

"பேசிட்டேனுங்க, அவ அம்மாகிட்ட" என்று என் தோளில் கையை வைத்துச் சொல்லிவிட்டு, தண்ணீர் கொண்டுவரச் சொல்லிப் பரிமாறுகிறவர்களைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார்.