தலை தட்டிய ஆழாக்கு

ஆறாம் வகுப்பில் நான் ஒரு கோப்பை வாங்கினேன். படிப்புக்கு அல்ல, நாய்க்குச் சோறு குறைத்ததற்கு.

அப்பா நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். எஸ்டேட் துரை வீட்டு கிரேட் டேன் சாதி நாய் குட்டி போட்டபோது எங்களுக்கும் ஒன்றைக் கொடுத்தார்கள். கன்றுக்குட்டி உயரம் வளரப்போகிற அந்தப் பிராணிக்கு மணி என்று பெயர் வைத்தோம். வேறு பெயர் யாருக்கும் தோன்றவில்லை.

வளர்க்கிற பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டாள். பெரிய நாய்க்குப் பெரிய சாப்பாடு என்பது அவள் கட்சி. பால், முட்டை, நெய் விட்ட சோறு. சேலத்திலிருந்து வந்த மாமா தன் பங்குக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போனார். நான்காம் மாதம் மணி பூசணிக்காயாக உருண்டிருந்தான். பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். ஐந்தாம் மாதம் முன்னங்கால்கள் வளைய ஆரம்பித்தன. வாசற்படி ஏறவே முனகினான். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

ஏற்காட்டிலிருந்து மாட்டு டாக்டர் வந்து பார்த்தார்.

"ஏனுங்க, சோறு போட்டீங்களா, மூட்டை கட்டுனீங்களா? பெரிய சாதி நாய் மெதுவாத்தான் வளரோணும். ஒடம்பு முந்திக்கிச்சுன்னா எலும்பு தாங்காதுங்க. மாத்திரைய நிறுத்துங்க. வேளைக்கு ஒரு ஆழாக்குக் குருணை, கொஞ்சம் கறி, அவ்வளவுதான். இப்படியே உட்டா வருசம் திரும்பறதுக்குள்ள எந்திரிக்காதுங்க."

தடவினால் விலா எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும் என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் மறுநாளிலிருந்து ஆழாக்கில் அளந்துதான் குருணையை வேகவைத்தாள். மூன்று வாரம் ஆயிற்று. மணி இம்மியும் இளைக்கவில்லை. அப்பா டாக்டரைத் திட்டினார்.

ஒரு நாள் காலையில் நான்தான் கண்டுபிடித்தேன். அம்மா அளந்தால் ஆழாக்கு கோபுரம் கட்டி நிற்கும், மேலே கொள்ளாமல் சரிந்து விழுகிற வரைக்கும். அவள் யாரையும் ஏமாற்றவில்லை. அவளுக்கு ஒரு ஆழாக்கு என்றால் அதுதான். நான் பள்ளிக்கூடப் பையிலிருந்து மர ஸ்கேலை எடுத்துவந்து, அவள் கையிலிருந்த ஆழாக்கின் தலையை ஒரே இழுப்பில் தட்டினேன். குருணை பொலபொலவென்று முறத்தில் கொட்டியது.

"தலை தட்டி அளந்த சோறு ஒடம்புல ஒட்டாது சாமி" என்றாள்.

"ஒட்டக் கூடாதுன்னுதாங்கம்மா டாக்டரே சொன்னாரு!"

அம்மா ஆழாக்கை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள். தோற்றுப்போன கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று முதல் என் ராஜ்யம். மணி தட்டை நக்கிவிட்டுப் பரிதாபமாகப் பார்ப்பான். பக்கத்து வீட்டு அக்கா, "ரைட்டர் ஊட்டுல நொம்பப் பஞ்சமா கண்ணு?" என்று கேலி செய்வாள். நான் மசியவில்லை. இரண்டு மாதத்தில் தொப்பை வற்றியது. கால்கள் மெல்ல நிமிர்ந்தன. ஒரு நாள் மணி காப்பிச் செடிகளுக்கு நடுவே குரங்கைத் துரத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்து நானும் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.

மே மாதம் ஏற்காட்டில் நாய்க் கண்காட்சி. ஜீப்பில் குடும்பத்தோடு போனோம். நடுவர் மணியின் விலாவைத் தடவினார், கால்களைப் பார்த்தார், நடக்கவிட்டார். குட்டிகளில் முதல் பரிசு என்று அறிவித்துவிட்டு, "யாரும்மா இதுக்குச் சோறு போடறது?" என்றார். நான் கையைத் தூக்கினேன். கைதட்டல் ஏரி வரைக்கும் கேட்டிருக்கும். அப்பா விசிலே அடித்தார்.

வீடு திரும்பியதும் அம்மா எனக்குச் சோறு போட்டாள். போதும் போதும் என்றாலும் விடாமல் தட்டில் குவித்தாள். பரிசு வாங்கிய சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் மாமா ஒரு பேச்சில் சொன்னார். தாயில்லாமல் அவரும் அம்மாவும் சொந்தக்காரர் வீட்டில் வளர்ந்தவர்களாம். "அங்க எல்லாத்துக்கும் கோபுரமா அளப்பாங்க கண்ணு. எங்க ரெண்டு பேருக்கு மட்டும் குச்சியில தலை தட்டித்தான்."

அந்த மர ஸ்கேலை நான் அலமாரியில் கோப்பைக்குப் பக்கத்திலேயே பெருமையாக வைத்திருந்தேன். பல வருஷம் அது அங்கேயே இருந்தது. அம்மா இரண்டையும் தினமும் துடைத்து வைத்தாள்.