சுவருக்கு வைத்த நெற்றி

பேருந்து இருக்கைகள் தைக்கும் அந்தப் பட்டறையில் ஏழு பேர் வேலை செய்தார்கள். அவர்களுள் பெண் ஒருத்தியே. மேஸ்திரி முதல் வண்டி கழுவுகிறவர் வரை எல்லாருக்கும் அவள் ‘சீட்டக்கா’. கிழிந்த இருக்கையின்மேல் ஒருமுறை உள்ளங்கையை ஓட்டினால் போதும். உள்ளே நார் கட்டிப்போயிருக்கிறதா, கம்பிச்சுருள் சாய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். பத்தொன்பது ஆண்டுகளில் அவள் சொன்னது பிசகியதில்லை என்று மேஸ்திரி ஊரெல்லாம் சொல்வார். அவளிடம் மட்டும் சொன்னதில்லை.

நெற்றிப்பட்டம் அவள் வாழ்வில் வந்து சேர்ந்தது ஊசியின் வழியாக. கோயில் யானை ஒன்றின் பட்டம் நைந்துபோக, தடித்த துணியில் புகுந்து வெளிவரும் வளைந்த ஊசி எங்கே உண்டு என்று விசாரித்துக்கொண்டு பாகர் அந்தப் பட்டத்தோடு பட்டறைக்கு வந்தார். அடியில் சணல் துணி, அதன்மேல் சிவப்புப் பட்டு, அதன்மேல் பொன்முலாம் பூசிய செம்புக் குமிழ்கள் வரிசை வரிசையாக, நடுவே பிறை, விளிம்பெங்கும் வண்ணக் குஞ்சம். பழந்தமிழ் ‘ஓடை’ என்று பெயரிட்டுப் போற்றிய அணி அது. சீட்டக்கா செருப்பை வெளியே விட்டு, கை கழுவி, இரண்டு மேசைகளை இணைத்து அதனை விரித்தாள். திருப்பிப் பார்த்தபோது வியந்துபோனாள். ஒவ்வொரு குமிழுக்கும் பின்புறம் தனித்தனி முடிச்சு; ஒன்று அறுந்தாலும் மற்றொன்று அசையாது. இருக்கையில் பொத்தான் வைக்கும் முறையும் அதுவே. “அட, நம்ம வேலைதான்” என்று மெல்லச் சொல்லிக்கொண்டாள்.

பட்டத்தைத் தைத்துத் திருப்பிக் கொடுக்குமுன், பாகரின் அனுமதியோடு காகிதத்தில் அளவெடுத்து வைத்தாள். அந்த வேளையில், தம் காரின் இருக்கையைச் சீர்செய்ய வந்திருந்த மருத்துவர் அம்மையார் மேசையருகே நின்றுவிட்டார். தாம் கட்டிவரும் வீட்டில், வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில், வருகிறவர் கண்ணில் முதலில் படுவது ஆனைமுகனின் நெற்றியணியாக இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை. பசை போட்டு ஒட்டியவை கடைகளில் கிடைக்கின்றன. தமக்குத் தைத்ததே வேண்டும் என்றார்.

சீட்டக்கா ஆயிரக்கணக்கில் இருக்கைகள் தைத்தவள். மனிதர் அவற்றில் அமர்ந்தார்கள், இறங்கினார்கள், மறந்தார்கள். ஒருவர் கைகூப்பி நின்று பார்க்கக்கூடிய பொருள் எதையும் அவள் கை அதுவரை செய்ததில்லை. அதனால் இந்த ஒன்று குறைவின்றி அமையவேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு உண்ணும்போதும் உறங்கும்போதும். மூன்று மாதம் வீட்டுக் கூடத்தில் சோற்றுத் தட்டு வைக்கவும் இடமில்லை. பட்டு மிதிபடாமல் சுவரோரமாக நடந்து பழகிய நாத்தனார், யானை கட்டித் தீனி போடுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், யானையில்லாமலே தீனி போடுவதை இங்கேதான் பார்க்கிறேன் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிவந்தாள்.

குடிபுகும் நாளுக்கு ஐந்து நாள் முன்பு பட்டத்தைக் கொண்டுபோய் மாட்டினார்கள். ஏணியிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்த சீட்டக்காவின் முகம் வாடிற்று. பட்டத்தின் நடுப்பகுதி தொய்ந்து, குமிழ்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, பொன்னெல்லாம் தரையைப் பார்த்தன. காரணம் அவளுக்கு உடனே விளங்கியது. யானையின் மத்தகம் இருபுறமும் புடைத்தெழுவது. அதன்மேல் படிவதற்காகப் பட்டத்தில் துணியைத் தாராளமாக விட்டிருந்தார்கள். அவளும் நூலளவும் மாறாமல் அப்படியே விட்டிருந்தாள். சுவருக்கு ஏது மத்தகம்?

“ரொம்ப அழகா இருக்கும்மா. கொஞ்சம் சுருக்கம், அவ்வளவுதானே? யாரு கவனிக்கப்போறா” என்றார் மருத்துவர்.

“நான் கவனிக்கிறேனேம்மா” என்றாள் சீட்டக்கா. “சுவரு சப்பை, அதான் தொய்யுது. நாலு நாள் எங்கிட்ட குடுங்க.”

உடன்வந்த நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சு. “வாங்குறவங்களே போதும்னுட்டாங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்க சுவர் சப்பைங்கிறீங்களே அண்ணி.”

சீட்டக்கா தனக்குள் கணக்குப் போட்டாள். மிகுந்த துணியைப் பிடித்துத் தைத்துவிடலாம், தொய்வு போய்விடும். ஆனால் பட்டம் தாம்பாளம் போலத் தட்டையாகிவிடும். நெற்றியில்லாத நெற்றிப்பட்டத்தை எந்த முகத்தோடு மாட்டுவது என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

மறுநாள் காலை, பேருந்து ஓட்டும் கணவருக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் கொடுக்கப் பணிமனைக்குப் போனாள். அவர் அமர்ந்திருந்த இருக்கை அவள் தைத்ததுதான். முதுகு சாயும் பகுதியில் இருபுறமும் இரண்டு புடைப்பு; நடுவே முதுகெலும்புக்கென்று ஒரு பள்ளம். அவள் கண் அங்கேயே நிலைத்தது.

“கொஞ்சம் எந்திரிங்க.”

“வண்டி எடுக்க நேரமாச்சே.”

“ரெண்டு நிமிஷம். நீங்க சாஞ்சிருக்கிற எடத்துல பிள்ளையார் இருக்காரு.”

அவர் கும்பிட்டபடியே எழுந்து கீழே இறங்கி நின்றார். சீட்டக்கா அந்தப் புடைப்பின்மேல் உள்ளங்கையை ஓட்டினாள். காகிதத்தை வைத்து வடிவம் எடுத்தாள். பட்டறையில் தென்னை நாரை அடுக்கி, செதுக்கி, மேலே பஞ்சுமெத்தை போர்த்தி, பலகையில் இறுக்கிக் கட்டினாள். மேஸ்திரி புதிதாக வந்த நார்க்கட்டைப் பிரித்து அவள் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.

குடிபுகும் நாள் காலையில் பட்டம் மீண்டும் சுவரேறிற்று. இம்முறை மிகுதி என்று ஒரு விரற்கடைத் துணியும் இல்லை. விட்டதெல்லாம் மத்தகத்தின்மேல் படிந்து பொருந்தியது. வாசல் வெளிச்சம் உள்ளே வர, புடைப்பின் ஒவ்வொரு வளைவிலும் இருந்த குமிழ்கள் ஒவ்வொரு திசையில் அதை வாங்கின. ஒவ்வொரு குமிழிலும் ஒரு சிறு வாசல் தெரிந்தது. மருத்துவர் அம்மையாரின் கைகள் தாமாகக் குவிந்தன. அவரைத் தொடர்ந்து உள்ளே வந்தவர்களும் செருப்பைக் கழற்றிய கையோடு நின்று கும்பிட்டார்கள்.

விருந்தினர் ஒருவர், உள்ளே காற்றடைத்திருக்கிறதா என்று பக்கத்தில் நின்ற நாத்தனாரைக் கேட்டார்.

“காத்தா?” என்றாள் அவள், முந்தானையைச் சரிசெய்துகொண்டு. “நாரு வச்சுத் தச்சது. எங்க அண்ணன் பஸ் ஓட்டுற சீட்டோட அளவு. தட்டையாவே மாட்டிட்டுப் போயிருக்கலாம்; எங்க அண்ணி விடல.”

சீட்டக்காவின் காதில் அது விழுந்தது. அவள் திரும்பவில்லை, பட்டத்தின் கீழ்விளிம்பில் பிரிந்திருந்த ஒரு குஞ்சத்தின் இழைகளை விரலால் கோதிவிட்டு, அதன்பிறகே கைகூப்பினாள்.